முதல் மாடியில் பூங்காக் கூட்டம்

குழு: நம்ம காலனி குடும்பம்

வெள்ளி, காலை 7:10

விஜயா அக்கா: (படம்)

விஜயா அக்கா: எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் வரவும்.

முருகன் ஸ்டோர்ஸ்: காலை வணக்கம். இட்லி மாவு வந்துவிட்டது.

ரகு: அக்கா, எனக்குக் கண் தெரியாது, போன்தான் வாசித்துச் சொல்லும். படமாகப் போட்டால் அது "படம்" என்று மட்டும்தான் வாசிக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது தட்டச்சு செய்து போடுங்களேன்.

விஜயா அக்கா: இதோ தம்பி. "பூங்கா மறுசீரமைப்பு. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஞாயிறு காலை 10 மணி. இடம்: கல்யாண மண்டபம், முதல் மாடி. அனைத்துக் குழந்தைகளும் விளையாட ஏற்ற திடல் அமைப்பது குறித்து ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன."

ரகு: நன்றி அக்கா. முதல் மாடியா?

ஹரிஷ்: பேட்மிண்டன் கோர்ட் வருமா?

கலா (யாழினி அம்மா): அந்த மண்டபத்தில் லிஃப்ட் கிடையாது.

பாஸ்கர்: டிபன் உண்டா

சரோஜா பாட்டி: (குரல் பதிவு, 1:48)

பாஸ்கர்: பாட்டி என்ன சொல்கிறார்? ஆபீஸில் இருக்கிறேன், கேட்க முடியாது.

நித்யா (சரோஜா பாட்டி பேத்தி): எட்டு போடும் பாதையை எடுக்கக் கூடாதாம். அதில் நடந்துதான் சர்க்கரை 240லிருந்து இறங்கியதாம். மீதி எல்லாம் போன வருஷம் பொங்கல் கணக்கு பற்றி.

விஜயா அக்கா: பொங்கல் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டி ஆறு மாதம் ஆகிவிட்டது.

கலா: என் கேள்விக்கு வாருங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்ற திடல் பற்றிய கூட்டத்தை முதல் மாடியில் வைத்தால் சக்கர நாற்காலியில் இருக்கும் யாழினி எப்படி வருவாள்? அவளுக்கு ஒன்பது வயது. என்னால் இப்போது அவளைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியவில்லை.

முருகன் ஸ்டோர்ஸ்: நம்ம பசங்க நாலு பேர் தூக்கிவிடுவார்கள் அம்மா, கவலை வேண்டாம்.

கலா: உங்கள் மனசு தெரியும் அண்ணா. ஆனால் அவளுக்கு நாலு பேர் தூக்குவது பிடிக்காது. போன தடவை ஒரு கல்யாணத்தில் தூக்கினார்கள். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

ரகு: கீழே சாப்பாட்டுக் கூடம் இருக்கிறதே?

விஜயா அக்கா: அதில் ஞாயிறு ஒரு வளைகாப்பு. கேட்டுவிட்டேன்.

வெள்ளி, காலை 9:32

சுப்பு சார்: அனைவருக்கும் வணக்கம். நெடுஞ்சாலைத் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறேன். பொறுமையாகப் படிக்கவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. பொது இடங்கள் எல்லோரும் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் அளவுகளும் உண்டு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இதை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவிட முடியாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை வகுக்க வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. இனி அளவுக்கு வருகிறேன். சாய்தளம் 1க்கு 12 விகிதத்தில் இருக்க வேண்டும். அதாவது நம்ம பூங்கா வாசல்படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் குறைந்தது 180 செ.மீ. நீளம் வேண்டும். இப்போது அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் ஆரோக்கியமான ஆளே வழுக்குவார். வாசலின் அகலம் 90 செ.மீ. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம். தொடரும்.

பாஸ்கர்: சார் 👍

ஹரிஷ்: தொடருமா 😀

கலா: சார், தொடருங்கள். எனக்கு எல்லாம் வேண்டும்.

சுப்பு சார்: நன்றி அம்மா. அடுத்தது வாசலில் இருக்கும் வளைவுக் கம்பி. பைக் வராமல் இருக்க இசட் எழுத்து மாதிரி போட்டிருக்கிறார்கள். அதில் நாற்காலி நுழையாது. கைக்குழந்தையைத் தள்ளும் வண்டியும் நுழையாது.

பாஸ்கர்: அந்தக் கம்பியைப் போட்டது யார் என்று செயலாளர் பதவியில் அப்போது இருந்தவரைக் கேளுங்கள்.

கோபால்: போட்டது நான்தான். சாயங்காலம் பைக்கில் வந்து பார்க்குக்குள்ளே வட்டம் அடித்தார்கள், ஒரு செயினும் போனது. மனுவில் 61 பேர் கையெழுத்து. அதில் என் தம்பி பாஸ்கர் கையெழுத்தும் இருக்கிறது. வேண்டுமானால் தேடி எடுத்துத் தருகிறேன்.

பாஸ்கர்: எல்லாக் காகிதத்தையும் பத்திரமாக வைத்திருப்பார். காம்பவுண்டுச் சுவர் அளந்த காகிதம் மட்டும் கிடைக்காது.

விஜயா அக்கா: இங்கே வேண்டாம்.

கலா: கோபால் அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கம்பி வந்தபோது யாழினி இடுப்பில் இருந்தாள், தூக்கிக்கொண்டு போய்விடுவேன். இப்போது கம்பி வரைக்கும் போய், உள்ளே அவள் தோழி நிலா விளையாடுவதைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

கோபால்: கம்பியை எடுத்துவிடலாம் அம்மா. ஆனால் பைக்குக்கு என்ன வழி என்று சார் சொல்லட்டும்.

சுப்பு சார்: நாற்காலி நுழையும் இடத்தில் பைக்கும் நுழையும். இதைக் கம்பியால் தீர்க்க முடியாது. கம்பிகளை ஒன்றரை மீட்டர் தள்ளித் தள்ளிப் போட்டால் நாற்காலி திரும்பிப் போகும், பைக்காரன் இறங்கித் தள்ள வேண்டிவரும், அவ்வளவுதான் முடியும். மீதிக்கு ஒரு காவலாளி வேண்டும். அந்தச் செலவை இந்தக் கூட்டத்திலேயே கேட்க வேண்டும், திறப்பு விழா முடிந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

தேவி (கவின் அம்மா): காவலாளி ரொம்ப முக்கியம். எங்கள் அக்கா பையன் ஆட்டிசம், கதவு திறந்திருந்தால் நேராக ரோட்டுக்கு ஓடிவிடுவான். லீவுக்கு வந்தால் பார்க் பக்கமே அழைத்துப் போவதில்லை. வாசல் ஒன்று மட்டும் இருக்கட்டும், கொண்டி மேலே இருக்கட்டும்.

ரகு: கொண்டி மேலே இருந்தால் நாற்காலியில் இருப்பவர் எப்படித் திறப்பார்?

தேவி: ஆமா. அதையும் யோசிக்க வேண்டும்.

முருகன் ஸ்டோர்ஸ்: கொத்தமல்லி கட்டு 10 ரூபாய்தான் இன்று.

வெள்ளி, மதியம் 1:15

ஹரிஷ்: மெரினாவில் சக்கர நாற்காலி போக மரப்பாதை போட்டார்களே, அது புயலில் போய்விட்டது இல்லையா? இங்கேயும் அப்படித்தான் ஆகும்.

சுப்பு சார்: 2022 நவம்பர் இறுதியில் திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து சேதமானது. பிறகு சரிசெய்தார்கள். சேதமாகும் என்பதற்காகப் போடாமல் இருக்க முடியுமா தம்பி? ரோடும்தான் ஒவ்வொரு மழைக்கும் போகிறது.

கலா: அந்தப் பாதையில் நாங்கள் போனோம். கடலைக் கிட்டத்தில் பார்த்ததும் யாழினி போட்ட சத்தத்தில் சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னொன்று. சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநகராட்சி ஒரு திடல் வைத்திருக்கிறது. இந்த மாதிரிக் குழந்தைகளும் மற்ற குழந்தைகளும் சேர்ந்து விளையாடுவதற்காகவே போட்டது. பெங்களூரில் கிலிகிலி என்று ஒரு அமைப்பு, என்னை மாதிரிப் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கியது. அங்கே மாநகராட்சிப் பூங்காக்களை இப்படி மாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. சாந்தோமிலும் அவர்களோடு சேர்ந்துதான் வேலை நடந்தது. ஞாயிறுக்கு முன்னால் யாராவது ஒரு தடவை சாந்தோம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நித்யா: நான் நாளைக்கு மயிலாப்பூர் போகிறேன். பார்த்து வீடியோ எடுத்து வருகிறேன்.

ரகு: வீடியோவில் பேசிக்கொண்டே எடு நித்யா. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று.

நித்யா: சரி அண்ணா 👍

பாஸ்கர்: ஒரு ஓரமாக இவர்களுக்குத் தனி ஊஞ்சல் ஒன்று போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததே? நாற்காலியோடு ஏறும் ஊஞ்சல் இருக்கிறதாமே.

கலா: பாஸ்கர் அண்ணா, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். வேறு ஒரு ஊரில் அப்படி ஒரு ஊஞ்சல் பார்த்தேன். இரும்புத் தட்டு பெரியது, வேகமாக ஆடும்போது குறுக்கே வரும் குழந்தை மேல் பட்டால் ஆபத்து. அதனால் சுற்றி வேலி, வேலிக்குப் பூட்டு, சாவி யாரிடமோ. யாழினி அதில் உட்கார்ந்தபோது உள்ளே அவளும் நானும் மட்டும். வெளியே பத்துப் பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு வேண்டியது நிலாவோடு ஆடுவது. கூடை ஊஞ்சல் என்று ஒன்று இருக்கிறது, பெரிய வட்டமான வலை. இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து படுத்துக்கொண்டே ஆடலாம். முதுகு நிற்காத குழந்தையும் ஆடலாம், நிலாவும் ஆடலாம், யாருக்கும் அது "இவர்களுக்கு உள்ளது" என்று தெரியாது. ராட்டினத்தைத் தரை மட்டத்தில் பதித்துவிட்டால் நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம், மற்ற பிள்ளைகள் சுற்றிலும் நின்று தள்ளலாம். மணலை மேஜை உயரத்தில் ஒரு தொட்டியில் வைத்தால் இவள் நாற்காலியில் இருந்தே கோபுரம் கட்டுவாள், எதிரே சின்னப் பிள்ளைகள் நின்று கட்டும். எங்கே வைக்கிறோம், எப்படி வைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

பாஸ்கர்: புரிகிறது அம்மா. வேலி விஷயம் எனக்குத் தெரியாது.

தேவி: கூடை ஊஞ்சலில் கவினும் ஏறுவான், பாருங்கள்.

விஜயா அக்கா: கலா, இதை அப்படியே அச்சடித்துக் கொண்டுவா.

வெள்ளி, மாலை 6:05

தேவி: சறுக்குமரம் பற்றி ஒன்று. பிளாஸ்டிக் வேண்டாம். கவினுக்குக் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தியிருக்கிறது. பிளாஸ்டிக்கில் சறுக்கினால் உடம்பில் மின்சாரம் மாதிரி ஏறும், முடி நட்டுக்கொள்ளும் பாருங்கள், அது காது மிஷினில் இருக்கும் செட்டிங்கைக் கெடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கழற்றி வைத்துவிட்டுச் சறுக்கச் சொல்கிறோம். கழற்றினால் அவனுக்கு எதுவும் கேட்காது. பின்னால் இருக்கும் பையன் "தள்ளுடா" என்றால்கூடத் தெரியாது.

முருகன் ஸ்டோர்ஸ்: அப்போ இரும்பு.

கோபால்: இரும்பு ஏப்ரல் மாதம் தோசைக்கல். என் பேரன் தொடை சிவந்து வந்தான்.

சுப்பு சார்: எவர்சில்வர் சறுக்கு, வேப்பமரத்துக்குக் கீழே, வடக்குப் பார்த்து. இரண்டு பிரச்சினையும் குறையும். இதற்குத்தான் முதலில் மரங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். மரத்தை வெட்டிவிட்டுப் பிறகு கூரை போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ரப்பர் தரையும் அப்படித்தான். விழுந்தால் அடிபடாது, நாற்காலி உருளும், நல்லது. ஆனால் வெயிலில் கொதிக்கும். விலையும் அதிகம். முழுப் பூங்காவுக்கும் போட வேண்டியதில்லை. ஊஞ்சல், சறுக்கு, ராட்டினம் இவற்றின் கீழே மட்டும், நிழலில். மற்றபடி பாதைக்குச் சொரசொரப்பான சிமெண்ட் தரை. பேவர் கல் வேண்டாம். இரண்டு மழையில் ஒரு பக்கம் இறங்கிவிடும், சக்கரம் மாட்டும். மணலில் சக்கரம் புதையும். மழைநீர்க் குழி மூடியின் இடைவெளி ஒன்றேகால் செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, இல்லையென்றால் முன் சக்கரமோ ரகுவின் கோலோ சிக்கும்.

ரகு: சிக்கியிருக்கிறது சார்.

சரோஜா பாட்டி: (குரல் பதிவு, 0:52)

நித்யா: வேப்பமரத்துக்குக் கீழேதான் எட்டுப் பாதை இருக்கிறது, அதை யார் நகர்த்துவது என்று கேட்கிறார். கூழாங்கல் பதிக்க அவர் தந்த 500 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதாம்.

ஹரிஷ்: பாட்டி எட்டு, நாங்கள் பேட்மிண்டன், நடுவில் சறுக்கு. 20 சென்ட்டுதான் மொத்தமே.

பாஸ்கர்: நமக்கு நாமே திட்டத்தில் போட்டால் என்ன? மூன்றில் ஒரு பங்கு நாம் திரட்டினால் மீதியை அரசு போடும். கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம்.

கோபால்: பணத்தை யார் வசூலிப்பது?

பாஸ்கர்: நீங்கள் இல்லை.

விஜயா அக்கா: பாஸ்கர்.

வெள்ளி, இரவு 8:40

பாத்திமா டீச்சர்: இப்போதுதான் எல்லாம் படித்தேன். காலையிலிருந்து பெரியவர்கள்தான் பேசுகிறோம். கலா தவிர யாரும் ஒரு குழந்தை என்ன சொன்னது என்று எழுதவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை. மாலை 4:30க்குப் பார்க் வாசலில் சார்ட் பேப்பரும் கிரேயானும் வைக்கிறேன். பிள்ளைகள் வரையட்டும். யாழினியும் கவினும் வரட்டும். கையால் வரைய முடியாதவர்கள் சொன்னால் நாம் எழுதுவோம்.

பாத்திமா டீச்சர்: அப்புறம், ரேஷன் கடைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் என் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி நாற்காலி, ஒருவனுக்குப் பார்வை குறைவு, ஒருவன் பேசுவதில்லை. இந்தப் பார்க்கில் அவர்களை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கூட்டம் நடப்பதே அந்த வீடுகளுக்குத் தெரியாது. இந்தக் குழுவில் யாரும் அவர்களைச் சேர்க்கவில்லை.

முருகன் ஸ்டோர்ஸ்: சேர்க்கலாம் என்று நான் போன வருஷமே சொன்னேன். சங்கச் சந்தா கட்டினால்தான் என்றார்கள்.

கோபால்: அது சங்க விதி.

ரகு: சங்கத்துக்கு விதி இருக்கட்டும். பார்க் சங்கத்துடையது இல்லையே அண்ணா.

விஜயா அக்கா: நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். டீச்சர், நீங்களும் வாருங்கள்.

பாத்திமா டீச்சர்: காலை ஒன்பது மணிக்கு வருகிறேன்.

கோபால்: குழுவில் சேர்ப்பதைப் பற்றிக் கமிட்டியில் பேசுவோம்.

முருகன் ஸ்டோர்ஸ்: பேசுவோம் பேசுவோம்.

சனி, மாலை 7:20

பாத்திமா டீச்சர்: 19 பிள்ளைகள் வந்தார்கள். ரகுவுக்காக எழுதியே போடுகிறேன். அதிகம் பேர் கேட்டது ஊஞ்சல் இல்லை. கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும். பெண் பிள்ளைகள் ஆறு மணிக்கு மேல் விளக்கு வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் மரத்தில் ஏற வேண்டும், திட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். பேசாத பையன், பெயர் எழுத வேண்டாம், ஒரு பெட்டி வரைந்து உள்ளே தன்னை வரைந்தான். சத்தம் அதிகமானால் போய் உட்கார ஒரு இடம் என்று அவன் அம்மா சொன்னார். ஒரு மூலையில் குட்டையான குடிசை மாதிரி போட்டால் போதும், ஒலிபெருக்கி கட்டும் கம்பத்திலிருந்து தள்ளி. பார்வை குறைந்த பையன் படி விளிம்பில் மஞ்சள் பட்டை கேட்டான். பள்ளியில் போட்டிருக்கிறோம், அதைப் பார்த்துத்தான்.

தேவி: கவின் மிஷினைக் கழற்றாமல் சறுக்க வேண்டும் என்று எழுதினான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கலா: யாழினி சொல்ல நேரம் ஆனது. நிலா உட்பட எல்லாப் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். "வேகமா" என்றாள். நான் ஊஞ்சல் மெதுவாக, பத்திரமாக, பெல்ட்டோடு என்றெல்லாம் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். அவளுக்கு வேகமாகச் சுற்ற வேண்டுமாம். தலை சுற்ற வேண்டுமாம்.

ஹரிஷ்: 🔥🔥

சுப்பு சார்: குறித்துக்கொண்டேன். ராட்டினத்துக்கு நாற்காலியைப் பூட்டும் கொண்டி அவசியம்.

நித்யா: சாந்தோம் வீடியோ பேசிக்கொண்டே எடுத்தேன், இதோ அனுப்புகிறேன். பாட்டியும் கூட வந்தார். எட்டுப் பாதையைச் சுவர் ஓரம் நகர்த்தினால் சம்மதமாம். ஆனால் அளவு குறையக் கூடாது, பக்கத்தில் பெஞ்ச் வேண்டும், பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டும், எழுந்திருக்க.

சுப்பு சார்: சுவர் ஓரம் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது.

சரோஜா பாட்டி: (குரல் பதிவு, 2:10)

ரகு: நாளைக்கு ஒரு வேண்டுகோள். பேசுபவர் பெயர் சொல்லிவிட்டுப் பேசுங்கள். வரைபடத்தைக் காட்டி "இங்கே, அங்கே" என்றால் எனக்குத் தெரியாது. வாசலிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

தேவி: ஒரே நேரத்தில் நாலு பேர் பேசாமல் இருந்தால் கவினுக்கும் கேட்கும்.

பாஸ்கர்: நம்ம காலனியில் அது கஷ்டம்.

சனி, இரவு 9:05

விஜயா அக்கா: கூட்டத்தைப் பார்க்கிலேயே, வேப்பமரத்தடியில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். மைக், மின்சாரம், மழை என்று யோசிக்கிறார்கள். காலை 8 மணிக்குத்தான் உறுதியாகச் சொல்வார்களாம்.

கலா: பார்க்கில் வைத்தாலும் அந்தக் கம்பி இருக்கிறதே அக்கா.

கோபால்: நட்டு போட்டு மாட்டியதுதான். காலை ஆறு மணிக்கு ஸ்பேனரோடு போய் ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுகிறேன். போட்டவனே கழற்றினால் யார் கேட்பார்கள்.

விஜயா அக்கா: அனுமதி வாங்க வேண்டாமா?

கோபால்: போடும்போது வாங்கினோமா?

கலா: ஒருவேளை மண்டபம் என்றே ஆனால் நாங்கள் கீழே படிக்கட்டுப் பக்கத்தில் இருப்போம். வரைபடத்தைக் கீழே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். வரிசை வீட்டு அம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

ரகு: நானும் கீழே.

தேவி: நாங்களும்.

சுப்பு சார்: எல்லோரும் கீழே இருந்தால் கூட்டம் கீழேதானே. இது தொடர்பாகச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று விளக்கமாக அனுப்புகிறேன்.

ஹரிஷ்: சார் நாளைக்கு 🙏

பாஸ்கர்: மரத்தடி என்றால் உட்கார நாற்காலி என்னிடம் 12 இருக்கிறது. கொண்டுவருகிறேன்.

கோபால்: அதில் ஆறு என்னுடையது.

விஜயா அக்கா: பன்னிரண்டும் வரட்டும். 8 மணிக்கு எல்லோரும் போனைப் பாருங்கள், படமாகப் போடாமல் எழுதியே போடுகிறேன்.

முருகன் ஸ்டோர்ஸ்: டீ என் கணக்கு. எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள், வரிசை வீட்டையும் சேர்த்து.